டிஎஸ்எல் இணைப்பு: வேகத்தை மட்டும் அளந்தால் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறிய ஊரில் இருந்துகொண்டே சென்னை வேலையைப் பார்க்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன். மயிலாடுதுறையில் என் வீட்டில் உட்கார்ந்து, சென்னையில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு மென்பொருளான டேலி அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதைத் திறந்து இங்கிருந்து வவுச்சர் போடுகிறேன். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. பழைய லேண்ட்லைன் கம்பியில் வரும் டிஎஸ்எல்தான். அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. இரண்டையும் யாரும் குறையென்றே ஏற்றுக்கொள்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, தாமதம். லேட்டன்சி என்பார்கள். வேகக் குறைவு வேறு, இது வேறு. எனக்கு 8 எம்பிபிஎஸ் வருகிறது, படம் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் வவுச்சரில் 18,750 என்று அடித்தால் திரை சும்மா இருக்கும். கை அடுத்த கட்டத்துக்குப் போன பிறகு ஐந்து இலக்கமும் மொத்தமாக வந்து விழும். என்டர் தட்டியது போனதா, இன்னொரு முறை தட்டலாமா என்று தெரியாமல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் சென்னைக்குப் போய் அங்கே பதிவாகித் திரும்பி வந்தால்தான் என் திரையில் தெரியும். நாள் முழுக்க இப்படி வேலை செய்தால், சாயங்காலம் தலைவலிதான் மிச்சம்.

லைன்மேன் நல்ல மனிதர், கூப்பிட்டால் வந்துவிடுகிறார். வந்ததும் தன் செல்போனை எங்கள் வைஃபையில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுவார். "எட்டு வருதே மேடம், லைன் ஓகே" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

சென்னை தூரம், அதனால்தான் என்று புகார் எண்ணில் சொல்கிறார்கள். கணக்கு எழுதுகிறவளிடம் இந்தக் கணக்கு செல்லாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்குச் சுற்றுவழியில் 400 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் போய்வர 4 மில்லி செகண்ட்தான். சிங்கப்பூரே சென்னையிலிருந்து கடலடிக் கேபிளில் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். அங்கே போய்வர 32 மில்லி செகண்ட் போதும். ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளப்பதைப் பிங் என்பார்கள். என் வீட்டிலிருந்து சென்னைக்குப் பிங் போட்டால் 60 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, வழியில் எந்தக் கருவிவரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் போடக் கற்றுக்கொடுத்தார். அதில் பார்த்தால், என் மோடத்துக்கு அடுத்துள்ள, இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் முதல் கருவியை எட்டுவதற்குள்ளேயே 45 போய்விடுகிறது. அங்கிருந்து சென்னைக்குப் போய்வர ஆவது சுமார் 15தான்.

அந்த 45-இல் பெரும்பகுதி நிறுவனமே வைத்த ஓர் அமைப்பால் வருவது. மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'இன்டர்லீவ்டு' என்று போட்டிருக்கும். செம்புக் கம்பியில் மிக்ஸி ஓடினாலும் பழைய டியூப்லைட் சோக் இரைந்தாலும் ஒரு கணம் கரகரப்பு வரும். அந்தக் கணத்தில் போகிற தகவல் அப்படியே அழிந்துவிடாமல் இருக்க, அனுப்புவதற்கு முன்பே தகவலைக் கலைத்துப் பரப்பி அனுப்புகிறார்கள். கரகரப்பு விழுந்தால் ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம்தான் கெடும்; அதை மோடமே திருத்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலைத்ததை அடுக்க, எல்லாம் வந்து சேரும்வரை மோடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் என் விரலில் தெரிகிறது. படம் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

லைன் சுத்தமாக இருந்தால் இந்தக் கலைப்பைக் குறைக்கலாம், அல்லது கலைக்காமல் அப்படியே அனுப்பும் 'ஃபாஸ்ட் பாத்' முறைக்கு மாற்றலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியில் என் போர்ட்டுக்கு மட்டும் செய்யக்கூடிய அமைப்பு இது. புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 6 டெசிபல் உபரி இருந்தால் டிஎஸ்எல் ஓடிவிடும் என்பார்கள். வெயில் காலத்தில் என் லைனில் அது 15 வரை இருக்கிறது. மழைக்காலத்தில் இன்டர்லீவிங் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறவருக்குக்கூட மாற்றித்தர மாட்டோம், எல்லா லைனுக்கும் ஒரே அமைப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

தாமதத்துக்கு இன்னொரு காரணம், வீட்டிலிருந்து தகவலை மேலே அனுப்பும் அப்லோட் பாதை. அது எனக்கு 512 கேபிபிஎஸ்தான். மகள் போனில் எடுத்த படங்கள் தானாக அப்லோட் ஆகத் தொடங்கினால் பிங் 60-இலிருந்து ஆயிரத்தைத் தாண்டுகிறது. மோடத்துக்குள் 64 கிலோபைட் வரிசையில் நின்றாலே அது இந்தப் பாதையில் வெளியேற ஒரு நொடி ஆகும். நான் அடித்த ஒற்றை எழுத்து அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் முறையை கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இணைய வல்லுநர்கள் இருவரும் 2012-லேயே வெளியிட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கொடுக்கும் மோடத்தில் அது இல்லை.

இரண்டாவது குறை ஐபி முகவரி. இணையத்தில் என் இணைப்பை அடையாளம் காட்டும் எண் அது. ஆடிட்டர் அலுவலகத்தில் தெரிந்த முகவரிகளிலிருந்து மட்டுமே சர்வரைத் திறக்க முடியும்படி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் கணக்கு அதில் இருப்பதால் அது சரியான கட்டுப்பாடுதான். ஆனால் என் லைன் அறுந்து மோடம் மறுபடி லாகின் ஆகும் ஒவ்வொரு தடவையும், அந்த நேரத்தில் எந்த எண் சும்மா இருக்கிறதோ அதை நிறுவனம் கொடுக்கிறது. சர்வர் என்னை யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். தம்பிக்குப் போன் போட்டுப் புது எண்ணைச் சொல்லி, அவர் சேர்த்த பிறகுதான் வேலை. ஐப்பசி மழையில் கம்பத்து ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் ஒரே இரவில் எண் மாறிக்கொண்டே இருக்கும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். அன்று ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தம்பியை எழுப்புவது எனக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். நடுவே எண் மாறினால் நெட்பேங்கிங்கும் பாதியில் வெளியே தள்ளிவிடுகிறது.

இணையத்துக்குள் அலுவலகத்தோடு தனிப் பாதை அமைக்கும் விபிஎன் போட்டுக்கொள்ளலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இத்தனை தொல்லைக்குப் பிறகு இப்போது போட்டுவிட்டார்கள். சர்வர் கதவு சாத்துவது நின்றது. ஆனால் எண் மாறும்போது விபிஎன்னும் அறுந்து, மறுபடி கட்டிக்கொள்ளும்வரை திரை உறைந்துவிடுகிறது. நெட்பேங்கிங் தொல்லை அப்படியேதான் இருக்கிறது.

நிலையான முகவரி கேட்டால் தொழில் இணைப்புக்கு மாறுங்கள் என்கிறார்கள். அதன் மாத வாடகை என் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எண்களுக்குத் தட்டுப்பாடு என்று காரணம் சொல்கிறார்கள். பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான், 2011 பிப்ரவரியிலேயே உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் உண்மை. ஆனால் டயல்-அப் காலத்தில் ஒருவர் துண்டித்ததும் அடுத்தவர் அந்த எண்ணை எடுத்துக்கொள்வார். அப்போது மாற்றிக் கொடுத்ததில் மிச்சம் இருந்தது. என் மோடம் இரவும் பகலும் ஓடுகிறது. எந்த நேரமும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது நேற்றைய எண்ணாகவே இருந்துவிட்டால் நிறுவனத்துக்குக் கூடுதலாக ஓர் எண்ணும் செலவாகாது. முகவரி மாறுவது அந்தரங்கப் பாதுகாப்புக்கு நல்லது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மாறட்டும்; வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு மாறாமல் இருக்கட்டும். அப்புறம், புது முறையான ஐபிவி6-இல் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. என் செல்போனுக்கு அது கிடைக்கிறது, வீட்டு இணைப்புக்குக் கிடைக்கவில்லை.

அரசின் 2004 பிராட்பேண்ட் கொள்கை, பிராட்பேண்ட் என்றால் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும், இருபக்கமும் பரிமாறும் சேவைகளைத் தாங்க வேண்டும், குறைந்தது 256 கேபிபிஎஸ் வேண்டும் என்றது. பிறகு அந்த 256 மட்டும் 2013-இல் 512 ஆனது, 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆனது. தாமதத்துக்கு ஓர் எண் அந்த வரையறையில் ஏறவே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2006-இல் கொண்டுவந்த தர விதிகளில் 120 மில்லி செகண்டுக்குள் என்று ஓர் எல்லை இருந்தது. ஆனால் அதை நிறுவனத்தின் கேட்வே எனும் வாசல் கருவியிலிருந்து உள்நாட்டு இணைய மையம்வரை அளந்தார்கள். என் வீட்டுச் சுவரிலிருந்து எக்ஸ்சேஞ்ச்வரை உள்ள கம்பி அந்தக் கணக்கில் வரவில்லை. 45 தொலைவது அங்கேதான். 2024-இல் வந்த புதிய விதிகளிலும் லேட்டன்சி ஓர் அளவுகோலாக இருக்கிறது. அப்படி இருந்தும், எங்கள் நிறுவனத்தின் புகார் எண்ணைக் கூப்பிட்டால் "இணைப்பு இல்லையா, வேகம் குறைவா" என்ற இரண்டு கேள்விதான். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் அதற்குப் புகார்ப் பதிவு எண் கிடைப்பதில்லை. பதிவு எண் இல்லாத குறையை மேலதிகாரிக்கும் எழுத முடியாது, ட்ராய் விதிப்படி மேல்முறையீடும் செய்ய முடியாது.

ஆகவே முதலில் அந்தப் புகார்க் கேள்விப் பட்டியலில் தாமதத்தையும் ஐபி மாற்றத்தையும் சேர்க்கட்டும். லைன்மேன் கையில் ஸ்பீட் டெஸ்ட்டோடு பிங் அளவும் குறித்துக்கொள்ளும் படிவம் ஒன்று இருக்கட்டும். அதை வைத்து, கேட்கிற வீடுகளுக்கு லைனின் நிலையைப் பார்த்து ஃபாஸ்ட் பாத் கொடுக்கட்டும். நிலையான முகவரியை வீட்டு இணைப்பிலேயே நியாயமான கட்டணத்துக்குக் கொடுக்கட்டும். எங்கள் தெருவில் ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சரும், மெடிக்கல் கோடிங் வேலை செய்யும் ஒரு பெண்ணும் இதையேதான் சொல்கிறார்கள். உங்கள் நிருபர் மாவட்ட அலுவலகத்தில் இதைக் கேட்டு பதிலை வெளியிட்டால், நாங்கள் மூவரும் அதை வைத்து மனு எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து கணக்கு எழுதும் ஒரு வாசகி,
மயிலாடுதுறை