வேலையை விட்டவரின் கணினிக் கணக்கை மூடுவது யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நிறுவனங்களின் கணினிகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. வைரஸ், ஹேக்கர், வெளிநாட்டுக் கும்பல் என்று படிக்கிறோம். அந்தக் கும்பல் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். யார் உள்ளே நுழையலாம், யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்ற யூசர் பட்டியலைப் பராமரிப்பதுதான் அதில் பெரும்பகுதி. பல இடங்களில் அந்தப் பட்டியலை வைத்திருப்பது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்ற மென்பொருள். நாங்கள் ஏடி என்போம்.

காலையில் ஒருவர் கணினியில் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டதும், அவர் யார், எந்தப் பிரிவு, எதையெல்லாம் பார்க்கலாம் என்று சரிபார்ப்பது டொமைன் கண்ட்ரோலர் என்ற சர்வர். ஃபைல் சர்வர், பிரிண்டர், வைஃபை, மெயில், வீட்டிலிருந்து நுழையும் விபிஎன் எல்லாவற்றையும் அதோடு இணைத்துவிடலாம். அப்படி இணைத்திருந்தால், ஒருவர் கணக்கை அங்கே நிறுத்தினால் எல்லா இடத்திலும் நின்றுவிடும். நிறுத்தாமல் விட்டால் எல்லா இடத்திலும் திறந்தே கிடக்கும்.

சமீபத்தில் ஒரு நிறுவனத்தின் சர்வரைப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டபோது முதலில் இந்தப் பட்டியலைத்தான் திறந்தேன். சம்பளப் பட்டியலில் இருக்கும் அலுவலக ஊழியர்களைவிட ஏடியில் இருந்த கணக்குகள் அதிகம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசிங் பிரிவில் ‘மெர்ச்1’ என்று ஒரு பொதுக்கணக்கு. அதன் பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பிரிவில் யார் வேண்டுமானாலும் அதில் நுழைவார்கள். அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு கணக்கு. அவர் சாம்பிள் பிரிவில் சேர்ந்து, மெர்ச்சன்டைசிங் போய், கடைசியில் ஷிப்பிங்கில் இருந்திருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், அந்தப் பிரிவின் ஃபைல்களைத் திறக்கும் உரிமை உள்ள குரூப்பில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய குரூப்பிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அதனால் ஸ்டைல் வாரியாகச் செலவைக் கணக்கிடும் காஸ்டிங் ஷீட், பயருக்கு, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்துக்குக் கொடுத்த விலை, இன்வாய்ஸ் எல்லாமே அவருக்குத் திறந்திருந்தன. அவர் வேலையை விட்டு அதே ஊரில் வேறு கம்பெனிக்குப் போய் வெகுநாள் ஆகிறது. கணக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. அவர் எதையும் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, அவர் மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவருடைய பாஸ்வேர்டு வேறு எங்காவது கசிந்திருந்தால் போதுமே.

சரி, ஏன் மூடவில்லை? கேட்டால், “அதை நிறுத்தினா நைட்டு பேக்கப் ஓடாதுங்க” என்றார்கள். உண்மைதான். எப்போதோ அவர் பெயரிலேயே பேக்கப் வேலையை அமைத்துவிட்டிருக்கிறார்கள். பல நிறுவனங்களில் பழைய கணக்குகள் சாகாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பேக்கப், ஸ்கேனர், நிறுவனக் கணக்குவழக்குகளைப் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் போன்றவற்றுக்கு ஆள் பெயர் இல்லாத தனிக்கணக்கு வைத்து, அந்த ஒரு வேலைக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடுக்க வேண்டும். அப்புறம் யார் விலகினாலும் பயமில்லாமல் அவர் கணக்கை மூடலாம்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைனை நினைத்துப் பார்க்கட்டும். 2021 மே மாதம் இப்படிப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல் தாக்கியதால் அந்த நிறுவனம் எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்தது. கிழக்குக் கரை மாநிலங்களில் பெட்ரோலுக்கு வரிசை நின்றது. தாக்கியவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. கும்பலுக்கு 44 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இப்படி ஏதாவது நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது நுழைந்தார் என்பது போன்ற கணினிப் பதிவுகளையும் 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும். ஆளாளுக்கு ‘மெர்ச்1’ என்று நுழைந்தால் 180 நாள் பதிவிலும் ‘மெர்ச்1’ என்றுதான் இருக்கும். அதை வைத்து யாரைக் கேட்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டொமைன் கண்ட்ரோலர் இருக்கிறது, அதனால் பேக்கப் வேண்டாம் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். ஒன்றில் அழிப்பது மற்றொன்றிலும் அழிந்துவிடும். 2017-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் தாக்கியபோது உலகம் முழுக்க இருந்த அவர்களுடைய டொமைன் கண்ட்ரோலர்கள் ஒன்றாகப் போயின. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது, அதுவும் அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லாததால். நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த ஒரு பேக்கப் கட்டாயம் வேண்டும். அதை எடுத்தால் மட்டும் போதாது, திரும்பக் கொண்டுவந்தும் பார்க்க வேண்டும்.

செலவு ஒரு காரணம் ஆகாது. விண்டோஸ் சர்வர் வாங்க முடியாத சிறு நிறுவனத்துக்கு சாம்பா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்தே அதை டொமைன் கண்ட்ரோலராக வைக்கலாம். இல்லாதது பொறுப்புதான். எங்களைப் போன்றவர்களுக்கு யார் வேலையை விட்டார் என்பதே தெரிவதில்லை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்பது முதலில் எச்.ஆருக்குத் தெரியும், அவருடைய சூப்பர்வைசருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிவது புது ஆள் வந்தபிறகு. அப்போதும், “பழைய ஆளோட ஐடியையே குடுத்துடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது மறுக்கும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை.

அதனால் நிறுவன உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதுதான். ஊழியர் விலகும்போது, பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் அடையாள அட்டை, சிம், லேப்டாப், முன்பணம் என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்குகிறீர்கள். அதிலேயே ‘கணினிக் கணக்கு நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்து, தேதியும் கையெழுத்தும் விழுந்த பிறகு சம்பளக் கணக்கை முடித்துப் பணம் கொடுங்கள். சொல்லாமல் நின்றுவிடுகிறவர்களின் பெயர்களை எச்.ஆர். வாராவாரம் எழுதி அனுப்பட்டும். பிரிவு மாறுகிறவர் பெயரும் அதில் இருக்க வேண்டும், பழைய குரூப்பிலிருந்து எடுப்பதற்காக. 90 நாளாக யாரும் நுழையாத கணக்குகளை மாதம் ஒருமுறை பார்த்து நிறுத்துவது எங்கள் வேலை. அதற்கு நேரமும் அனுமதியும் கொடுங்கள்.

வெளிநாட்டு பயர்களின் ஆடிட்டுக்காகத் தீயணைப்புக் கருவியின் தேதி முதல் சம்பளப் பதிவேடு வரை ஒழுங்காக வைத்திருக்கிற ஊர் இது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் இந்த ஒரு வரி சேர்ந்த படிவத்தின் மாதிரியை உறுப்பினர்களுக்கு அனுப்பினாலே பெரிய உதவி. தீபாவளிக்கு முன்பே செய்தால் நல்லது. ஆட்கள் அதிகமாக மாறுவது அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
திருப்பூர்.