அப்பத்தாவுக்கும் அறிவிப்பு எட்ட வேண்டும்

ஆசிரியருக்கு,

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் பெற்றோர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்க, அப்பத்தாவிடமும் அம்மாவழிப் பாட்டியான ஆயாவிடமும் வளரும் பிள்ளைகள் பலர். பள்ளிகளோ அறிவிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடுகின்றன. உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைக்கச் சொல்லும் செய்தி கடைசி நாளில்தான் தெரியவந்து, பட்டன் போனும் பாஸ்புக்குமாகப் பேரனை அழைத்துக்கொண்டு வங்கிக்கு ஓடும் முதியவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித்துறை பதிந்துவைக்கும் ‘எமிஸ்’ இணையப் பதிவில் வெளிநாட்டிலுள்ள தந்தையின் எண்ணோடு, இங்கே வீட்டில் இருப்பவரின் எண்ணையும் சேர்த்து, அறிவிப்புகளைத் தமிழில் குரல் அழைப்பாகவும் அனுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. அக்குழுவின் கூட்டத்துக்கான அழைப்பையாவது தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

– ஒரு வாசகர், காரைக்குடி