ஒட்டகம் செதுக்கியவர் எந்தச் சபை, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து உங்கள் எருசலேம் பயணத்தைப் பற்றிப் பேசினீர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். யோர்தானில் இறங்கும்போது அத்தை முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் முடிக்கும்போது மேஜையில் அந்த நீல நட்சத்திரக் கொடியை விரித்து, ஆதியாகமம் 12-இல் தேவன் ஆபிரகாமுக்குச் சொன்ன "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்ற வசனத்தைச் சொல்லி, இஸ்ரேல் அரசு என்ன செய்தாலும் விசுவாசி வாய் திறக்கக் கூடாது என்றீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். வீட்டில் இதை ஆரம்பித்தால் அத்தை காப்பியோடு வந்து பேச்சை மாற்றிவிடுவார். பொதுவில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள், உங்களைப் போல நினைப்பவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர்.

நீங்கள் வாங்கி வந்த, ஒலிவமரத்தில் செதுக்கிய கிறிஸ்துமஸ் குடில் செட் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை விற்ற பெத்லகேம் கடைக்காரரைப் பற்றி, "பேச்சுக்குப் பேச்சு அல்லா அல்லான்னார், முஸ்லிமா இருந்தாலும் விலை குறைச்சுக் கொடுத்தார்" என்று சொன்னீர்கள். மாமா, அவர் கிறிஸ்தவராகவே இருந்திருக்கலாம். பெத்லகேமிலும் பக்கத்து பெய்த் சாகூரிலும் ஒலிவமரம் செதுக்குவது பல கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பரம்பரைத் தொழில். அரபு பேசும் கிறிஸ்தவர்களுக்குக் கடவுள் என்றாலே அல்லாதான், அவர்களுடைய வேதாகமத்தில் ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. அப்போஸ்தலர் 2-இல் பெந்தெகொஸ்தே நாளன்று கூடியிருந்தவர்களின் பட்டியல் வருமே, அதில் கடைசியாக நிற்பவர்கள் அரபியர். நூறு தடவை வாசித்திருப்போம், நின்று பார்த்ததில்லை.

அந்த அரபுக் கிறிஸ்தவ ஜனங்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு ஊரைச் சொல்கிறேன். இக்ரித். கலிலேயாவில், லெபனான் எல்லையை ஒட்டிய சின்னக் கிராமம், ஊரில் பெரும்பாலும் மெல்கைட் கத்தோலிக்கர்கள், அதாவது போப்போடு ஐக்கியமான கிழக்கத்தியச் சபையார். 1948 நவம்பரில் இஸ்ரேல் ராணுவம், எல்லையில் ஆபத்து, இரண்டு வாரம் தள்ளி இருங்கள், அப்புறம் திரும்பலாம் என்று சொல்லி அவர்களை ராமே என்ற ஊருக்கு அனுப்பியது. இரண்டு வாரம் என்றதால் பலர் வீட்டுச் சாமான்களைக்கூட எடுக்கவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் கல்லெறியவில்லை, வழக்குப் போட்டார்கள். 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்றது. அந்த வருஷ டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், ராணுவம் ஊரின் வீடுகளையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்தது. குன்றின்மேல் ஆலயம் மட்டும் மிஞ்சியது. பக்கத்து பிர்இம் கிராமத்துக்கும் 1953-இல் இதே கதி, அங்கே இருந்தவர்கள் மரோனைட் என்ற இன்னொரு கிழக்கத்தியக் கத்தோலிக்கச் சபையார்.

1972-இல் அவர்களுடைய பேராயர் ஜோசப் ராயா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஆலயங்களையெல்லாம் பூட்டித் துக்கம் அனுசரிக்கச் சொன்னார். எருசலேமில் ஊர்வலம் போனபோது கூட நடந்தவர்களில் யூதர்கள் ஏராளம். அதற்கு முன்பே பிரதமர் கோல்டா மேயரின் அரசு, அவர்களைத் திரும்ப விட முடியாது என்று சொல்லிவிட்டது. இன்று இக்ரித்காரர்கள் அந்த ஆலயத்தில் கூடி ஜெபிக்கலாம், இறந்தவர்களை அங்கே கொண்டுபோய்ப் புதைக்கலாம். உயிரோடு குடியேறத்தான் அனுமதி இல்லை. 2012-இல் பேரப்பிள்ளைகள் சிலர் ஆலயத்துக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுத் தங்கினார்கள், நட்ட செடிகளைக்கூட அதிகாரிகள் பிடுங்கினார்கள்.

இவர்கள் ஹமாஸ் இல்லை, மாமா. இஸ்ரேல் குடிமக்கள், கிறிஸ்தவர்கள், நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள். இவர்கள் கதையைக் கேட்கும்போது எனக்கு ஆதியாகமம் 12 ஞாபகத்துக்கு வருவதில்லை, 1 இராஜாக்கள் 21தான் வருகிறது. நாபோத் தன் பிதாக்களின் சுதந்தரமான திராட்சத்தோட்டத்தை விடமாட்டேன் என்கிறான், அவனைக் கொன்ற பிறகு ஆகாப் அதை எடுத்துக்கொள்கிறான். ஆகாபும் இஸ்ரவேலின் ராஜாதான். எலியா தீர்க்கதரிசி அவனை ஆசீர்வதிக்கவா போனார்? "நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். அரசைக் கேள்வி கேட்பது சாபம் என்றால் ஏசாயா, ஆமோஸ், எரேமியா எல்லாரும் சபிக்கப்பட்டவர்கள்தான்.

நீங்கள் சொல்லும் உபதேசம் ஆதி சபையிலிருந்து வந்ததும் இல்லை. காலங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம் சபைக்கு ஒரு திட்டம் என்று 1830-களில் போதித்தவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் குறிப்புகள் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. அந்தத் திட்டத்தின் முடிவைப் பாருங்கள், கடைசி யுத்தத்தில் யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் மடிவார்கள், மிஞ்சியவர்கள் மனந்திரும்புவார்கள் என்று சகரியா 13-ஐக் காட்டிச் சொல்கிறவர்கள் அதில் உண்டு. யூதரை நேசிப்பது என்பது இதுவா? எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எருசலேமின் லத்தீன், சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைத் தலைவர்கள் 2006-இலேயே, வேதத்தைக் காட்டி இஸ்ரேல் அரசை ஆதரிக்கச் சொல்லும் இந்தக் கிறிஸ்தவ சியோனிசத்தைப் பொய்ப் போதனை என்று கூட்டாகக் கையெழுத்திட்டு மறுத்தார்கள். அந்த ஆங்கிலிக்கன் சபை நம் சிஎஸ்ஐக்கு, தென்னிந்தியத் திருச்சபைக்கு, உறவுமுறை.

உங்கள் பயம் எனக்குத் தெரியும், பாலஸ்தீனத்துக்குப் பேசினால் யூதப் பகையில் போய் முடியும் என்பது. அதில் நியாயம் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் கிறிஸ்தவ ஐரோப்பா யூதர்களைத் துரத்தியது, கடைசியில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டது பேராசை இல்லை. 2023 அக்டோபர் 7-இல் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அன்று காசா எல்லையை ஒட்டிய பெயெரி கிபுட்ஸில் (கூட்டுக் குடியிருப்பில்) இறந்தவர்களில் விவியன் சில்வர் ஒருவர். காசாவிலிருந்து சிகிச்சைக்கு வரும் நோயாளிகளை இஸ்ரேல் மருத்துவமனைகளுக்குக் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்த யூதப் பெண்மணி. அவருக்காக அழுகிறவன், அதே மாதம் 19-ஆம் தேதி காசாவின் புனித பொர்பீரியஸ் ஆலய வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்து குண்டில் இறந்தவர்களுக்காகவும் அழத்தானே வேண்டும்? அவர்களுக்காக நம் சபையில் ஒரு ஞாயிறுகூட ஜெபிக்கவில்லையே மாமா.

அடுத்த வருஷம் இன்னொரு குழுவை அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். கலிலேயாவில் எப்படியும் தங்குவீர்கள், அரை நாள் ஒதுக்கி இக்ரித் குன்றுக்குப் பஸ்ஸைத் திருப்பச் சொல்லுங்கள். வழிகாட்டி முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம், குடில் செட்டில் ஒட்டகத்தின் கால் உடைந்துவிட்டது, சின்னவன் வேலை. அதே கடைக்குப் போனால் ஒன்று வாங்கி வாருங்கள், காசு தந்துவிடுகிறேன். வாங்கும்போது அவர் எந்தச் சபை என்று மட்டும் கேளுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகன்