யாரும் வீட்டுக்குப் போகாத தகுதிச் சுற்று: நாஸ்கார் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

டேடோனா பீச்சில் இருக்கும் நாஸ்கார் போட்டிப் பிரிவினருக்கு,

வணக்கம். நான் அமெரிக்காவில் சார்லட் நகரத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கணினியோடு, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்தும் கார் பந்தயத்தோடு. தமிழ் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உங்களுக்கு மனப்பாடமான சிலவற்றையும் சொல்லிக்கொண்டேதான் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து வந்திருந்த மாமனாரை, மே மாதம் சார்லட்டில் 600 மைல் ரேஸுக்கு முந்தின நாள் தகுதிச் சுற்றுக்குக் கூட்டிப்போனேன். தலையில் துண்டு, காதில் நான் மாட்டிவிட்ட அடைப்பான், கையில் கைபேசியின் ஸ்டாப்வாட்ச். ஒன்றரை மைல் தடத்தைக் கார்கள் ஒவ்வொன்றாகச் சுற்றின. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அரை நிமிடம். மனுஷர் சளைக்காமல் இருபது காருக்காவது நேரம் பார்த்திருப்பார். பிறகு காதடைப்பானைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "கடைசியில வர்ற ரெண்டு பேரு போயிருவாங்களா மாப்ள?"

"இல்ல மாமா, நாளைக்கு எல்லாரும் ஓடுவாங்க."

"அப்ப எதுக்கு நாம இம்புட்டு நேரம் வெயில்ல உக்காந்திருக்கோம்?"

யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசை போடுவதற்கு என்றேன். ரேஸ் நடுவில் டயர் மாற்ற, பெட்ரோல் போட நிற்கும் பிட்டில் எந்த இடம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இதை வைத்துத்தான் என்றேன். தலையாட்டினார். ஸ்டாப்வாட்சை அணைத்துவிட்டார்.

அவர் கேள்விக்கு ஒரு காலத்தில் நறுக்கென்று பதில் இருந்தது: வேகம் பத்தாதவன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவான். அதற்காக வேகம்தான் எல்லாம் என்று சொல்ல வரவில்லை. 1950-ல் டார்லிங்டனில் நடந்த முதல் சதர்ன் 500-ல் 75 கார்கள் ஓடின. ஜெயித்தது 43-ஆவது இடத்திலிருந்து கிளம்பிய ஜானி மான்ட்ஸ். மற்றவர்களின் டயர் வெடித்துக்கொண்டிருக்க, லாரி டயர் போட்ட அவருடைய பிளைமவுத் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் கடிகாரத்தை எதிர்த்து ஒற்றைக் கார் ஓடுவதில் ஒரு அழகு உண்டு. 1987-ல் டல்லடேகாவில் பில் எலியட் 2.66 மைல் தடத்தை 45 நொடிக்கும் குறைவாகச் சுற்றினார், மணிக்கு 212.809 மைல். அதே வாரம் பாபி ஆலிசனின் கார் பறந்து வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டு டேடோனாவிலும் டல்லடேகாவிலும் இன்ஜினுக்குப் போகும் காற்றுக்குத் தட்டு வைத்து வேகத்தைக் குறைத்தீர்கள். அந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது.

உங்கள் விதிகள் எனக்குப் புரியாமல் போக ஆரம்பித்தது 2005-ல். ஒவ்வொரு காரும் ரேஸ்களில் சேர்க்கும் புள்ளியை வைத்துப் போடும் உரிமையாளர் பட்டியலில் முதல் 35 அணிகளுக்கு இடம் உறுதி என்றீர்கள். எஞ்சிய இடங்களுக்கு மற்றவர்கள் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்கள். நட்சத்திரம் ஓடவில்லை என்றால் ஸ்பான்சர் கோபித்துக்கொள்வார், அது புரிகிறது. ஏழு முறை சாம்பியனான ரிச்சர்ட் பெட்டியே 1989-ல் சில ரேஸ்களுக்குத் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் முன்னாள் சாம்பியன்களுக்கென்று ஒரு சலுகை இடம் வந்தது. ஆனால் 2007 ஜூலையில் டேடோனாவில் போரிஸ் செட் என்ற ஓட்டுநருக்கு நடந்ததை எதில் சேர்ப்பது? பகுதி நேர அணி, ஒற்றைக் கார். அன்றைக்கு ஓடியவர்களிலேயே அவர்தான் வேகம். பட்டியலின் உச்சியில் அவர் பெயர். இன்னும் சில கார்கள்தான் பாக்கி, அதற்குள் மழை. தகுதிச் சுற்று ரத்து, வரிசை புள்ளிப்படி. முதலிடத்திலிருந்து கிளம்ப வேண்டியவர் ரேஸிலேயே இல்லை.

2013-ல் அந்த 35 விதியை எடுத்தபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். 36 இடம் வேகத்துக்கு என்று அறிவித்தீர்கள். ஆனால் தனித்தனியாக ஓடுவது அதற்குப் பிறகு ஒரு வருடம்தான். 2014-ல் எல்லாரையும் ஒரே நேரத்தில் தடத்தில் இறக்கி, சுற்றுக்குச் சுற்று வடிகட்டும் முறை வந்தது. முதல் சில வாரங்கள் கூத்துதான். இன்ஜின் சூட்டைத் தணிக்கக் குளிர்விக்கும் கருவியை மாட்டக்கூடாது என்றதால், வேகமாக ஓடி முடித்தவர்கள் தடத்தின் அடியில் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தார்கள். பக்கத்தில் இன்னொருவர் முழு வேகத்தில் பாய்ந்து வருவார். பிரிஸ்டல் ரேஸுக்குள் அதைத் திருத்தினீர்கள், நல்லது. 2015 டேடோனா 500 தகுதிச் சுற்றில் ரேஸே தொடங்காமல் கார்கள் நொறுங்கின. ஓட்டுநர் கிளின்ட் போயர் கேமரா முன்னாலேயே கொதித்தார். அவர் கொதித்ததில் தப்பில்லை.

அப்புறம் 2019 மார்ச், கலிஃபோர்னியாவின் ஃபான்டானா. நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. கடைசிச் சுற்றில் பன்னிரண்டு பேர். முன்னால் ஒரு கார் காற்றைக் கிழித்துக்கொடுத்தால் பின்னால் வருபவருக்கு வேகம் கூடும். அதனால் முதலில் போகிறவர் ஏமாளி. பன்னிரண்டு பேரும் பிட் பாதையில் வரிசையாக நின்றுகொண்டு "நீ போ, நீ போ" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் ஓடுகிறது, கார் ஓடவில்லை. கடைசியில் எல்லாரும் மொத்தமாகப் புறப்பட்டார்கள். ஒருவர்கூட நேரத்துக்குள் கோட்டைத் தாண்டவில்லை. மைதானம் முழுக்க ஊளை. முந்தின சுற்றில் முதலில் வந்த ஆஸ்டின் டில்லனுக்கு முதலிடத்தைக் கொடுத்தீர்கள். மே மாதம் டோவர் ரேஸிலிருந்து பழையபடி தனித்தனி ஓட்டம்.

கோவிட் காலத்தில் வரிசை போடக் குலுக்கல், பிறகு கணக்குச் சூத்திரம்: போன ரேஸில் ஓட்டுநர் முடித்த இடத்துக்கு 25 சதவீதம், அணிக்கு 25, புள்ளிக்கு 35, வேகமான சுற்றுக்கு 15. அந்தச் சமயத்துக்கு வேறு வழியில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். 2022-ல் இரண்டு குழு, குழுவுக்கு ஐந்து பேர், பிறகு பத்துப் பேரின் இறுதி. எனக்கு அது பிடித்திருந்தது. 2025-ல் இறுதியையும் வெட்டி ஒரே சுற்றாக்கிவிட்டீர்கள்.

இத்தனை முறை மாற்றியதெல்லாம் எப்படி ஓடுவது என்பதைத்தான். எதற்காக ஓடுவது என்பது 2016-லேயே முடிந்துபோனது. 36 கார்களுக்குச் சார்ட்டர், அதாவது எல்லா ரேஸிலும் ஓடும் உரிமைப் பத்திரம் கொடுத்து, வரிசையை 43 காரிலிருந்து 40-ஆகக் குறைத்தீர்கள். எந்த ரேஸிலும் 36 பேருக்கு இடம் நிச்சயம். மீதி நாலு இடம் திறந்திருக்கிறது என்பது காகிதத்தில் சரிதான். பெரும்பாலான வாரங்களில் அந்த நாலுக்கு நாலு பேர்கூட வருவதில்லை. வந்தவரெல்லாம் ஓடுகிறார்கள்.

சார்ட்டரை ரத்து செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2023-ல் ஒரு சார்ட்டர் 4 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. அவ்வளவு பணம் போட்டவரை ஒரு நாள் டயர் சரியில்லாததற்காக வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் சார்ட்டர் இல்லாத அணிக்கு நீங்கள் கொடுக்கும் பரிசுத் தொகை அந்தக் காரைத் தடத்துக்குக் கொண்டுவரும் செலவுக்கே காணாது. அதைக் கூட்டுங்கள். நாலு இடத்துக்கு ஆறு பேர் வரட்டும். பட்டியலின் அடியில் இரண்டு பெயருக்கு நிஜமான பயம் வந்தால், மேலே யார் முதலிடம் என்று பார்க்கவும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள்.

சார்ட்டர் அணிகளுக்கும் ஏதாவது வேண்டும். டேடோனா 500-க்கு முன் நடக்கும் இரண்டு தகுதி ரேஸ்களில் முதல் பத்து பேருக்குப் புள்ளி கொடுக்கிறீர்கள். மற்ற வாரங்களில் முதலிடத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தால் குறைந்தா போய்விடும்? வேண்டாத ஒரு சுற்றுக்காகக் காரை யாரும் உயிரைக் கொடுத்து ஓட்ட மாட்டார்கள்.

அந்த டேடோனா தகுதி ரேஸ்களில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். உங்களிடம் மிச்சமிருக்கும் உண்மையான தகுதிச் சுற்று அதுதான். அதிலும் 2025-ல், வெளியிலிருந்து வரும் நட்சத்திரம் தேறாவிட்டாலும் ஓடலாம் என்று 41-ஆவது இடம் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். நான்கு முறை இண்டியானாபோலிஸ் 500 வென்ற எலியோ கேஸ்ட்ரோனெவெஸ் தகுதி ரேஸில் மோதிக் கழன்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஓடினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதே ரேஸில் ஓடியும் தேறாமல் போன அணிகளின் மெக்கானிக்குகள் அன்றிரவு காரை லாரியில் ஏற்றும்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமனார் மறுபடி மே மாதம் வருகிறார். 600 மைலுக்கு அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன். முந்தின நாளுக்கு வேண்டாம், அன்றைக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
சார்லட்டிலிருந்து ஒரு ரசிகன்