நெருங்கிய தோழர்கள் யார் யார்?

பிட்ஸ்பர்க்,
மே மாதக் கடைசி வாரம்.

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய அவா. மகள், மருமகன், பேரன் எல்லோரும் சுகம்; இந்த ஊர்க் குளிர் மட்டும்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பதில் போடாததற்கு என்னை எப்படியெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும். நீலகிரி வெலிங்டன் படை முகாமில் கொட்டுகிற மழையில் என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு நீ டீ குடிக்கப் போனாயே, அந்தக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்.

நான் எழுதாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் உன் கடிதத்தின் கடைசி நான்கு வரிகள். நம் படைத் தோழன் மத்தளம் இறந்து பதினான்கு மாதமாகியும் அவன் வீட்டுக்காரம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட வரவில்லை, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயருமாக இருப்பதால் காகிதம் அலுவலகத்துக்கு அலுவலகம் அலைகிறது என்று எழுதியிருந்தாய். அவன் காரியத்துக்கு நாம் பதினோரு பேர் போய் மாலை போட்டோம். அதன் பிறகு அந்த வாசற்படியை நம்மில் ஒருவரும் மிதிக்கவில்லை. இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போன வாரம் ஓர் அறையைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே பக்கத்தில் கார்னகி என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. பேரனுக்குப் புத்தகம் எடுக்க அங்குள்ள பழைய நூலகத்துக்குப் போனபோது, மாடியில் ஓர் அறை இருக்கிறது, நீங்கள் ராணுவத்தில் இருந்தவராயிற்றே, அவசியம் பார்க்க வேண்டும் என்று மருமகன் அழைத்துப் போனார். அது கேப்டன் தாமஸ் எஸ்பி போஸ்ட், எண் 153; போஸ்ட் என்றால் சங்கக் கிளை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின், அதாவது வடக்கு மாநிலங்களின், பக்கம் நின்று சண்டையிட்ட பழைய சிப்பாய்கள் 1906 முதல் கூடிப் பேசிய இடம். கடைசிக் கிழவரும் போன பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்ததை இப்போது சீர்செய்து திறந்து வைத்திருக்கிறார்கள்.

இவர்களுடைய தாய்ச் சங்கத்தின் பெயர் கிராண்ட் ஆர்மி ஆஃப் த ரிபப்ளிக். படை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஸ்டீஃபன்சன் என்பவர் தம் கூடாரத் தோழரான மதகுரு ரட்லெட்ஜுடன் போர்க்காலத்திலேயே பேசிப் பேசி வளர்த்த எண்ணம் அது. 1866 ஏப்ரல் 6ஆம் தேதி இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஊரில் பன்னிரண்டு பேரோடு முதல் கிளை தொடங்கியது. பன்னிரண்டு பேர், சண்முகம். நம் முன்னாள் படைவீரர் சங்கத்தைவிட ஒருவர்தான் அதிகம். தோழமை, ஈகை, பற்றுறுதி என்ற மூன்று சொற்களே அவர்களுடைய கொள்கை. இடையில் புதியவன், சிப்பாய், மூத்தவன் என்று மூன்று படிநிலை வைத்து ஆளைத் தரம் பிரிக்கப் போய்ப் பலரும் விலகிவிட்டார்கள். 1876 வாக்கில் சுமார் 27,000 பேர்தான் மிஞ்சினார்கள். ஸ்டீஃபன்சன் 1871லேயே இறந்துவிட்டார். தாம் நட்டது மரமானதை அவர் பார்க்கவே இல்லை என்பது என் மனதை மிகவும் வருத்தியது. ஏனெனில் 1890இல் அதே சங்கத்தில் 4,09,489 பேர் இருந்தார்கள்.

அத்தனை பேர் எதற்காகத் திரும்பி வந்தார்கள் என்று யோசித்துப் பார். பழங்கதை பேசும் ஆசை ஒன்று; ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஓய்வூதியம். அந்தக் காலத்தில் ஒருவன் உதவித்தொகை கேட்டால், தன் நோயும் ஊனமும் படைப் பணியில்தான் வந்தன என்று அவன் நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் குறிப்பு காணாமல் போயிருக்கும், பெயரை எவனோ ஒரு எழுத்தர் தப்பாக எழுதியிருப்பான். அப்போது அவனுக்கு இருந்த ஒரே வழி, பக்கத்தில் நின்று சண்டையிட்டவன் வந்து "ஆமாம், இவன் அங்கே இருந்தான், நான் பார்த்தேன்" என்று சத்தியம் செய்வதுதான். சிதறிப்போன தோழர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சங்கக் கூட்டங்களும், நேஷனல் டிரிப்யூன் என்று அந்தச் சிப்பாய்களுக்காகவே வாஷிங்டனில் வெளிவந்த பத்திரிகையும் துணைநின்றன. கடைசியில் இவர்கள் கொடுத்த நெருக்குதலால் 1890இல் ஒரு சட்டம் வந்தது: தொண்ணூறு நாள் பணி செய்திருந்து, இப்போது உடலுழைப்பு முடியாதவனாக இருந்தால் போதும், ஊனம் போரில் வந்ததா என்ற கேள்வி இல்லை. விதவைக்கு மாதம் எட்டு டாலர். இதற்கு முன் இதே போன்ற ஒரு மசோதாவைத் தடுத்த ஜனாதிபதி கிளீவ்லாந்து 1888 தேர்தலில் தோற்றார். வென்ற ஹாரிசன் இந்தச் சங்கத்தின் உறுப்பினர். அரசுக் கருவூலத்தைக் கரைத்தார்கள் என்ற பழி அவர்கள் மீது உண்டு, பொய்க் கணக்குகளும் உள்ளே நுழைந்தன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் மத்தளத்தின் வீட்டை நினைத்துக்கொண்டு அந்த எட்டு டாலரைப் பற்றிப் படித்தபோது, பழி சொன்னவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

அரசாங்கத்திடம் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஒவ்வொரு கிளையும் நிவாரண நிதி ஒன்றைத் தனியாக வைத்திருந்தது. நோயில் கிடப்பவனைப் போய்ப் பார்ப்பதும், வாடகைக்கும் விறகுக்கும் வழியில்லாத குடும்பத்துக்குக் கொடுப்பதும், ஆளில்லாதவனை மரியாதையோடு அடக்கம் செய்வதும் கிளையின் கடமை. சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கும் முதிய சிப்பாய்களுக்கும் விடுதிகள் ஏற்படப் பல மாநிலங்களில் இவர்கள்தான் போராடினார்கள். 1883இல் டென்வரில் பெண்களின் துணைச்சங்கம் தொடங்கிய பிறகு இந்த வேலையின் பெரும்பாரத்தைப் பெண்களே தாங்கினார்கள். நம் சங்கத்தில் பெண்களுக்குப் பொங்கல் விழாவில் கோலம் போடுவதைத் தவிர வேறு வேலை கொடுத்திருக்கிறோமா? எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உன் வீட்டில் தங்கச்சிக்குத் தெரிந்த அளவுக்கு உனக்கும் எனக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்பினச் சிப்பாய்களுக்கும் இந்தச் சங்கத்தில் இடம் இருந்தது; தனிக் கிளைகளும் இருந்தன, வெள்ளையரோடு சேர்ந்து உட்கார்ந்த கிளைகளும் இருந்தன. தெற்கே சில வெள்ளையர் கிளைகள் அவர்களைத் தனிப் பிரிவாக ஒதுக்கக் கேட்டபோது, 1891 டெட்ராய்ட் மாநாடு மறுத்துவிட்டது. எல்லா ஊரிலும் சமமாக நடத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில், அந்த நாட்டில், அந்த மறுப்பு சின்ன விஷயமில்லை.

இனி அந்த அறையில் நான் பார்த்ததற்கு வருகிறேன். அந்தச் சங்கத்தார் சட்டையில் குத்திக்கொள்ளும் வெண்கல நட்சத்திரத்தை, பிடிபட்ட எதிரிப் பீரங்கிகளை உருக்கி வார்த்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த நட்சத்திரத்தின் நடுவே சுதந்திர தேவி நிற்க, அவள் முன்னால் ஒரு தரைப்படை வீரனும் ஒரு மாலுமியும் கைகோத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே இரண்டு குழந்தைகள் மண்டியிட்டிருக்கின்றன. அப்பனை இழந்த பிள்ளைகளை நாங்கள் காப்போம் என்ற வாக்குறுதியை மார்பிலேயே குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். நம் மார்பிலும் பதக்கம் இருக்கிறது. அதில் மத்தளத்தின் பிள்ளைகள் இல்லை.

அங்கே தடித்த தோல் அட்டை போட்ட பெரிய ஏடு ஒன்றும் உண்டு. கிளை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எங்கே பிறந்தான், எந்த நாள் சேர்ந்தான், எந்தச் சண்டையில் நின்றான், எங்கே அடிபட்டான் என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஏடுகள் அந்தக் காலத்தில் பல கிளைகளிலும் இருந்தனவாம். அவற்றில் எல்லாரிடமும் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, உன்னுடைய மிக நெருங்கிய தோழர்கள் யார் யார் என்பது. அதைக் கேட்டதும் என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. நாளைக்கு ஒருவனுக்காகச் சாட்சி சொல்ல யாரைத் தேட வேண்டும் என்பதற்கு அந்த ஒரு கேள்வி போதும். மத்தளத்தின் பக்கத்தை யாராவது எழுதியிருந்தால், அதில் உன் பெயரும் என் பெயரும்தானே முதலில் வந்திருக்கும்?

அந்தச் சங்கம் இன்று இல்லை. 1861 முதல் 1865 வரை பணி செய்தவனுக்கு மட்டுமே இடம் என்பது விதி. மகனுக்குக்கூட உறுப்புரிமை தரவில்லை. 1949இல் இண்டியானாபொலிஸில் நடந்த கடைசி மாநாட்டுக்கு ஆறு கிழவர்கள் வந்தார்கள். 1956இல் மினசோட்டாவில் இறந்த ஆல்பர்ட் வூல்சன் கடைசி ஆள். படையில் முரசு அடித்த சிறுவன் அவர். மெஸ் மேசையைத் தட்டியே நம் எல்லோரையும் எழுப்பிவிட்ட நம்முடையவனை நான் எப்படி நினைக்காமல் இருப்பேன்? ஆனால் அவர்கள் தொடங்கிவைத்த கல்லறை அலங்கார நாள் நிற்கவில்லை. 1868இல் அவர்களுடைய தலைவர் ஜான் லோகன் இட்ட ஆணைப்படி மே 30இல் தொடங்கியது, இப்போது மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் நாடெங்கும் நடக்கிறது. நேற்று இங்கே கல்லறைத் தோட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு சிப்பாயின் கல்லருகிலும் சின்னக் கொடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஜூலை முதல் வாரம் ஊர் வந்துவிடுவேன். அதற்குள் நீ செய்ய வேண்டியவை இருக்கின்றன. தங்கச்சியை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை, திருமணச் சான்று மூன்றையும் நகலெடு. பெயர்த் திருத்தத்துக்குப் பார்ட் டூ ஆர்டர், அதாவது பணிப்பதிவைத் திருத்தும் ஆணை, போட ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு மனு எழுது. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவிடு, சாட்சியாக நீ கையெழுத்துப் போடு, எனக்கும் இடம் விட்டு வை. அந்தம்மாவுக்குப் பணம் வரும் வரை நம் சங்கத்துச் சேமிப்பிலிருந்து மாதாமாதம் கொடுக்கத் தீர்மானம் போடு. ஆகஸ்ட் பதினைந்து விருந்து இந்த வருஷம் வேண்டாம். யார் முகம் சுளித்தாலும் நான் சொன்னதாகச் சொல்.

கடைத்தெருவில் ஒரு நல்ல தடித்த நோட்டும் வாங்கி வை. மத்தளத்தின் பக்கத்தை நான் வந்து எழுதுகிறேன்.

உன் அன்புள்ள,
ராமையா