தொற்றக்கூடியவர் வேறு, நலிந்துபோகக்கூடியவர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தட்டம்மை பற்றிய உங்கள் கட்டுரையில் 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கில மருத்துவ அறிக்கைகளில் 'சஸெப்டிபிள்', 'வல்னரபிள்' என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டையும் ஒரே தொடரில் அடக்கிவிட்டதால், யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதே கட்டுரையில் தெளிவில்லாமல் போய்விட்டது.

எதிர்ப்பாற்றல் இல்லாததால் கிருமி தொற்றிக்கொள்ளக்கூடியவர் முதல் வகை. தொற்றிய பின் உடம்பு தாங்காமல் நலிந்துபோகக்கூடியவர் இரண்டாம் வகை.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள பேரோ தீவுகளில் 1781-க்குப் பிறகு 65 ஆண்டுகள் தட்டம்மையே இல்லை. 1846இல் அது வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் அங்கே ஒன்றைக் கவனித்தார். 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. திடமான இளைஞர்கள் படுக்கையில் கிடக்க, தளர்ந்த கிழவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். உடல் வலு வேறு, எதிர்ப்பாற்றல் வேறு.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலத்தில், "எம்புள்ள நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கான், அவனுக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்காத தாய்மார் குறைவு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நோஞ்சான் பிள்ளைக்குத்தான் நோய் வரும் என்றே எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் தட்டம்மை நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். சாப்பாடு அதைத் தடுக்காது, ஊசிதான் தடுக்கும். சாப்பாட்டின் பங்கு அதற்குப் பிறகு வருகிறது. சத்துக் குறைந்த பிள்ளைக்கு நிமோனியாவும் பேதியும் உயிருக்கே உலை வைக்கும், வைட்டமின் ஏ குறைந்திருந்தால் பார்வையும் போகலாம். முதல் ஆபத்துக்கு ஊசி, இரண்டாவதற்கு அங்கன்வாடிச் சத்துணவும் வைட்டமின் ஏ-வும் என்று வேலையே இரண்டாகப் பிரிகிறது.

ருபெல்லா என்ற இன்னொரு தடிப்பு நோயில் இன்னும் கொடுமை. தொற்றுவது கர்ப்பிணிக்கு. அவருக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்து போய்விடும். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கோ கண்ணும் காதும் இதயமும் கெட்டுப்போகலாம்.

தட்டம்மைக்கான முதல் தவணை ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குறைந்துகொண்டே வரும் கைக்குழந்தைகள் இரண்டு வகையிலும் சேர்ந்தவர்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பதால் இந்த ஊசி போட முடியாத பிள்ளைகளும் அப்படித்தான். நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் இவர்கள் தப்புவார்கள்.

இனி இதுபற்றி எழுதும்போது 'தொற்றக்கூடியவர்கள்', 'நலிந்துபோகக்கூடியவர்கள்' என்று தனித்தனியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கொழுகொழு பிள்ளைக்கும் ஊசி வேண்டும் என்று ஒரு வரி தனியாகப் போட்டால் கிராமத்துச் செவிலியர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

– பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்