சிலுவையைப் பிரசங்கிக்கிறவர்களே, பாரத்திலும் பங்கெடுங்கள்

எங்கள் திருமண்டலத்தின் பேராயர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குருமார்கள் அனைவருக்கும்,

ஸ்தோத்திரம்.

லெந்து என்னும் தவக்காலத்தில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் பேசப்பட்டதைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் மேடையில் இருந்தீர்கள், அதனால் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தேவசெய்தி கொடுக்க வந்தவர் லூக்கா 14ஆம் அதிகாரத்தை எடுத்தார். தன் சிலுவையைச் சுமந்துகொண்டு பின்செல்லாதவன் சீஷனாயிருக்கமாட்டான் என்ற பகுதி. லெந்து காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பகுதி வேறில்லை. பாதியில் அவர் குரலை உயர்த்தினார். கிறிஸ்தவர் என்று சொன்னால் எஸ்.சி. ஒதுக்கீடு போய்விடும் என்பதால், படிப்புக்கும் வேலைக்கும் ‘இந்து’ என்று சாதிச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறவர்கள் யூதாஸ்கள் என்றார். முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரை விற்றவர்கள் என்றார். மேடையிலிருந்து அல்லேலூயா வந்தது. பந்தலின் பின்வரிசைகளில், வேன் பிடித்துப் பிள்ளைகளோடு வந்திருந்த காலனி ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்று ராத்திரி பாதிப் பேர் ஜெபத்துக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார்கள்.

அந்த வார்த்தையைச் சொன்னவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் வெளியூர்க்காரர், போய்விட்டார். கேள்வி உங்களிடம்தான். சீஷத்துவத்துக்கு விலை உண்டு என்று பிரசங்கம் பண்ணுகிறீர்கள், சரி. அந்த விலையை நம் சபையில் யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா?

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். விசாரணைக்கு ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வருகிறார் என்று தகவல் வந்தது. அந்தத் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வாசல் நிலைக்கு மேலே ஒட்டியிருக்கும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையைக் கிழித்துவிடுவார்கள். வசனக் காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சாமி படத்தை வாங்கி வந்து ஆணியில் மாட்டுவார்கள். ஆர்.ஐ. வந்து பார்த்துவிட்டுப் போனதும் படம் திரும்பிப் போகும், காலண்டர் ஆணிக்கு வரும். பக்கத்து வீட்டு அம்மா அன்றும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அத்தான் வாங்கவில்லை. “இருக்கிறது இருக்கட்டும்” என்றார். வாக்குத்தத்த அட்டையும் இருந்தது, காலண்டரும் இருந்தது, மேசைமேல் வேதப்புத்தகமும் இருந்தது. ஆர்.ஐ. நல்ல மனிதர். அவரே தயங்கி, “உங்களுக்குத்தான் கஷ்டம்” என்று சொல்லிப் பார்த்தார். அத்தான் கிறிஸ்தவன் என்றே எழுதச் சொன்னார். பிள்ளைக்குக் கிடைத்தது பி.சி. சான்றிதழ். மதம் மாறிய ஆதிதிராவிடர் எத்தனை தலைமுறை ஆனாலும் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தானே வருகிறார்கள்.

அதே தெருவில் அவளுடைய சித்தப்பா குடும்பம் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுக்காத குடும்பம். அந்தப் பையனும் இவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் எஸ்.சி. ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு அது உரியது, அவன் உழைத்துப் படித்தான், எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இருவர். டீக்கடையில் இருவரையும் ஊர் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. அவமானப்படுத்தினால் அவனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, இவளுக்கு இல்லை. பஞ்சாயத்துத் தனித்தொகுதியில் அவன் நிற்கலாம், இவள் நிற்க முடியாது. படிக்கிற காலத்து உதவித்தொகையில் மட்டும் மாநில அரசு இவளைக் கைவிடவில்லை, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். படித்து முடித்த பிறகு அவள் தனி.

இது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் நீங்களே கறுப்புக்கொடி பிடிக்கிறீர்கள். 1950இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மதத்தையும் இதையும் முடிச்சுப்போட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இந்த ஆணையை எதிர்த்து 2004இல் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், அதற்கும் கெடு நீட்டித்தார்கள். நம் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. டெல்லி அசையவில்லை.

சரி, மறைத்து வாழலாம் என்றால் அதற்கும் இப்போது வழியில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தில் இருந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று சொல்லிவிட்டது. நீதிமன்றம் மோசடிக்காரன் என்கிறது, நம் மேடை யூதாஸ் என்கிறது. உண்மையைச் சொன்னவனுக்கு யார் என்ன கொடுத்தீர்கள்?

அக்கா மகள் கணிதத்தில் முதுகலை முடித்து பி.எட். முடித்தாள். ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறிவிட்டாள். நம் திருமண்டலத்தின் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் இடம் காலியானது. விண்ணப்பம் போட்டாள். எங்கள் சேகரத்தின், அதாவது சபை வட்டாரத்தின், குருவானவர் கடிதம் கொடுத்தார். நேர்காணலில் அவளிடம் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். அப்புறம் அத்தானை உள்ளே கூப்பிட்டு, “நீங்க எவ்வளவு பண்ண முடியும்?” என்று கேட்டார்கள். அத்தான் கொத்தனார் வேலை பார்க்கிறவர். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடம் வேறு ஒருவருக்குப் போனது. இன்று அவள் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில், வீட்டு வாடகைக்குக்கூடப் போதாத சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளியிலும் அவள்தான் டீச்சர்.

பேராயர் அவர்களே, அந்த ஒரு இடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கிற உரிமை நிர்வாகத்துக்கு இருக்கிறது, ஏனென்றால் நாம் சிறுபான்மையினர், சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிற அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு நமக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியில் பின்பற்றுகிற, இடஒதுக்கீட்டு வரிசைப்படி இடம் நிரப்பும் இனச்சுழற்சி இங்கே கட்டாயமில்லை. கிறிஸ்தவள் என்பதால் அவள் கையிலிருந்து ஒரு உரிமை போனது. கிறிஸ்தவர்கள் என்பதால் உங்கள் கைக்கு ஒரு உரிமை வந்தது. அவள் இழந்ததை நீங்கள் நினைத்தால் கொடுக்கலாம். எந்த ஆணையமும் வேண்டாம், எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டாம்.

நான் கேட்பது அதைத்தான். அரசு மறுத்த பங்கை நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் நீங்கள் கொடுங்கள். தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினருக்குக் கொடுப்பது 18 சதவீதம். தலித் கிறிஸ்தவர்களுக்கு அதே 18ஐ ஆசிரியர் பணியிலும் மற்றப் பணியிலும் மாணவர் சேர்க்கையிலும் எழுதி வையுங்கள். அந்த இடங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் காணிக்கை என்றோ கட்டட நிதி என்றோ கேட்காதீர்கள். யாருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் திருமண்டலத்தின் பொதுச்சபையான பெருமன்றத்தில் வாசியுங்கள்.

‘நம் சபையில் சாதி இல்லை, அப்புறம் எதற்கு சாதி வாரியாகக் கணக்கு’ என்று பதில் வரும். பலமுறை கேட்ட பதில். அந்தப் பதிலால் எத்தனை சேதம் என்று தெரியுமா? சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் மவுண்ட் ரோடும் சேருகிற இடத்தில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. செருப்புத் தைக்கிற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கூரை, அவ்வளவுதான் அவர் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1985இல் தோற்றது. ஏன் தோற்றது? மதம் மாறிய பிறகும் கிறிஸ்தவச் சமூகத்துக்குள் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முன்னாலும் ஏறக்குறைய அதே கேள்விதான். அந்த ஆதாரம் வேறு எங்கும் இல்லை, உங்கள் பதிவேடுகளில் இருக்கிறது. எந்தச் சேகரத்தில் யார் கமிட்டிக்கு வந்ததே இல்லை, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாருக்குத் தனி மூலை, திருமண்டலத் தேர்தலில் எந்த அணி எந்தச் சாதி, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. மேடையில் சாதி இல்லை என்று சொல்வதால் மேடைக்கு மரியாதை கிடைக்கலாம். பின்வரிசையில் இருப்பவனுக்கு வழக்கு தோற்கிறது.

கத்தோலிக்கர்களிடமும் இதே கதைதான். வடக்கன்குளம் கோவிலில் சாதியைப் பிரித்து வைத்திருந்த சுவரை 1910இல் குருமார்கள் இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டச் சொல்லி ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. சாதி கேட்காமல் எல்லோரோடும் பழகி, அரச உத்தியோகத்தையும் கடைசியில் உயிரையும் கொடுத்த தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றதும் அதே வடக்கன்குளத்தில்தான். அந்த ஊரிலேயே சுவர் எழும்பியது என்றால் மற்ற ஊர்களைப் பற்றி என்ன சொல்வது. ஆனாலும் இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது. எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை, அது எனக்கும் தெரியும். நம் திருமண்டலத்தில் எழுதக்கூட இல்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் சபை மேடைகளில் ஆசீர்வாதம்தான் அதிகம் கேட்கிறது. தசமபாகம் கொடு, வீடு கட்டுவாய், பிள்ளை வெளிநாடு போவான். சாட்சி சொல்ல வருகிறவர்களும் கார் வாங்கியவர்களும் இடம் வாங்கியவர்களும்தான். ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்ததால் வேலையை இழந்தவனை மேடைக்கு அழைத்து சாட்சி சொல்லச் சொன்னதை நான் பார்த்ததே இல்லை. மத்தேயு 6:33 நம் ஊரில் ஆட்டோவின் முதுகிலும் வீட்டு வாசலிலும் எழுதியிருக்கிறது. முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள் என்கிறது அந்த வசனம். அத்தான் தேடினார். ‘இவைகளெல்லாம் கூடக் கொடுக்கப்படும்’ என்ற மீதி வாக்குத்தத்தம் அவருக்கு வானத்திலிருந்து விழ வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? அதில் கொஞ்சமாவது சபையின் கை வழியாக வரக்கூடாதா? ஆதி சபையில் நிலத்தை விற்றுக் கொண்டுவந்து அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தார்கள், அவனவனுக்குத் தேவையானபடி பகிர்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம்மிடம் கேட்பது நிலத்தைக்கூட இல்லை. அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற ஒரு இடத்தை, காசு வாங்காமல், இழந்தவளுக்குக் கொடுங்கள் என்பதுதான்.

கோபத்தோடு எழுதிவிட்டேன். உங்கள் பதவியின்மீது எனக்கு மரியாதை உண்டு. உங்களில் பலர் கிராமச் சேகரங்களில் சைக்கிள் மிதித்து ஊழியம் செய்தவர்கள் என்பதும் தெரியும். காலனி வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்ட குருமார்களும் உங்களில் இருக்கிறார்கள், அந்த வீடுகளில் அவர்களை இன்னும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். அவர்களை நம்பித்தான் இந்த மடல்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழுக்காக மறைந்து வாழ்கிறவர்களை இனி எந்த மேடையிலும் யூதாஸ் என்று அழைக்க விடாதீர்கள். அரசு மறுத்த பங்கை நம் நிறுவனங்களில் கொடுங்கள், கொடுத்த கணக்கை எல்லோர் முன்பும் வையுங்கள். இந்தக் கல்வியாண்டில் காலியாகும் ஆசிரியர் இடங்களிலிருந்தே தொடங்கலாம். அடுத்த பெருமன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைத் தனித் தீர்மானமாகச் சேர்த்து, முடிவு எதுவானாலும் எல்லாச் சேகரங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பும்படி வேண்டுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபையின் அங்கத்தினன்